குறட்டை குறித்து ஒரு கேள்வி

தம்பெரேயிலிருந்து குஹ்மோவுக்கு
ஐந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்.
பெட்ரோல் கணக்கு முடிந்தது.
கால்பந்துப் படங்கள் எடுத்து ஓய்ந்த ஒருவரிடம்
பழைய லென்ஸ் ஒன்று வாங்கியாயிற்று.
பச்சைக் குழந்தையின் எடை.
துண்டில் சுற்றி
அலமாரியில் கிடத்தியிருக்கிறேன்.

உர்ஹோ தொலைபேசியில் சொன்ன விதிகள்
நோட்டில் கோணல்மாணலாகக் கிடக்கின்றன:
மாலை ஐந்துக்குக் குடிலுக்குள் போனால்
காலை ஏழுக்குத்தான் வெளியே.
ஷூ கூடாது. கம்பளிக் காலுறை.
கொசு மருந்து கூடாது,
கடித்தால் கடிக்கட்டும்.
வாசனை சோப்பை மூன்று நாள் முன்பே நிறுத்தவும்.
மூலையில் மூடி போட்ட வாளி உண்டு.
எதற்கென்று நான் கேட்கவில்லை,
அவரும் சொல்லவில்லை.

உணவு: ஓசை எழுப்பாதது.
இரண்டு இரவுகள் சமையலறை மேசையில்
விளக்கணைத்துத் தின்று பார்த்தேன்.
மொறுமொறு ரொட்டி, கல் உடைக்கிற சத்தம்.
ஆப்பிள் ஆகவே ஆகாது.
சீஸ் வாய் பேசாதது.
முட்டையை அவித்து
வீட்டிலேயே உரித்துக்கொள்ளலாம்.
பல் செட் செய்வது என் தொழில்.
இருபத்தாறு வருடம்
ஊரார் மெல்வதற்குப் பல் செய்தவன்
தான் மெல்வதை இப்போதுதான் கேட்கிறேன்.

கரடி வருமென்று உர்ஹோ வாக்குத் தரவில்லை.
"சதுப்புக்கு அந்தப் பக்கம் எல்லைக்காடு.
அதற்கு இஷ்டமிருந்தால் வரும்."
போனை வைக்கப்போகும் நேரத்தில்
எதையோ மறந்தவர்போல,
"குறட்டை விடுவீர்களா?"

தெரியாது என்றேன்.
"கேட்டுச் சொல்லுங்கள்."

யாரைக் கேட்பது?
தலையணை அருகே போனை வைத்து
ஒரு ராத்திரி முழுக்கப் பதிவு செய்தேன்.
குளிர்சாதனப் பெட்டி முனகியது.
மேல் வீட்டில் யாரோ தண்ணீர் குடித்தார்கள்.
ஐந்து மணிக்கு முதல் டிராம்.
அந்த அறையில் நான் இருந்ததற்குத்
தடயமே இல்லை.
விழித்தே கிடந்திருக்கிறேன்.

நான்கு வருடம் கழித்து
பிர்க்கோவின் எண்.
காட்டுக் கரடியைப் படமெடுக்கப் போகிறேன்,
அதனால்தான் கூப்பிட்டேன் என்று தொடங்கினேன்.
"கரடி விடாதே, ஆர்வோ" என்றாள்.

சொல்லி முடித்தேன். வாளிவரைக்கும்.
சிரித்தாள் என்று நினைக்கிறேன்,
அல்லது கெண்டியை அடுப்பில் வைத்தாள்.
"குறட்டையில்லை. ஆனால் பேசுவாய்."
என்னவென்று?
"பொறு, பொறு என்பாய்."
யாரிடம்?
"எனக்கெப்படித் தெரியும்?
நானும் பொறுத்துத்தான் பார்த்தேன்."

கொஞ்ச நேரம் இருவரும்
கம்பளிக் காலுறை போட்டவர்கள் மாதிரி
இருந்தோம்.

"அந்தக் குடிலில் எத்தனை நாற்காலி?"
இரண்டு.
"எந்த மாதம்?"
ஜூன் முதல் வாரம், அப்போது இரவே கிடையாது,
நள்ளிரவிலும் ரோமம் ரோமமாகப் படம் விழும்,
என்று அளந்துகொண்டே போனேன்.
"ஜூனில் எனக்குத் தும்மல் நிற்காதே" என்றாள்.
"பிர்ச் மரம் பொடி உதிர்க்கும் காலம்."

அவ்வளவுதான்.
வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை.
வா என்று நானும் சொல்லவில்லை.

உர்ஹோவுக்கு எழுதினேன்:
குறட்டை இல்லை. தேதி மட்டும் மாறுகிறது,
ஆகஸ்ட் கடைசி.
உடனே பதில் வந்தது.
அப்போது சீக்கிரமே இருட்டிவிடும்,
கரடி வந்தாலும் படத்தில்
கறுப்புக்குள் கறுப்பாகத்தான் இருக்கும்,
யோசித்துக்கொள்ளுங்கள்.

யோசித்துவிட்டேன் என்று எழுதினேன்.
நோட்டை எடுத்து
முட்டை இரண்டு என்றிருந்ததை அடித்து
நாலு ஆக்கினேன்.
அவள் உப்பைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவருவாள்,
எப்போதும் அப்படித்தான்.
பிரிக்கும்போது காகிதம் சத்தம் போடும்.
போடட்டும்.